நான்காம் எண் கேன்

சித்திரை வெயிலில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் பரிசோதனைக் கூடத்து வாசலில் வந்து நின்ற நாச்சிமுத்துவைப் பார்த்ததும், அங்கே காத்திருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏனுங்க, உள்ளார ஊட்டிய வெச்சிருக்கறீங்களா?”

“நாலு டிகிரிங்க. ஊட்டியே பரவால்லைம்பீங்க,” என்றான். அவன் சிரிக்கவில்லை. குளிரறையில் யாருடைய ரத்தத்திலிருந்தோ எடுத்த சாறு சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் திரும்பியாக வேண்டும். “என்ன வேணும், சொல்லுங்க.”

அவள் பையிலிருந்து லேமினேஷன் செய்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். தமயந்தி, வயது முப்பத்தொன்று, சென்னிமலை. கீழே சிவப்புக் கட்டத்துக்குள் பெரிதாகப் பதினாறு.

“கோர்ட்டுல ஆறு மாசத்துக்குள்ள எடுத்தது வேணுங்கறாங்க. இது ஏழு மாசம் ஆயிப்போச்சு. ஒருக்கா மறுபடி எடுத்துக் குடுத்தீங்கன்னா முத்திரையோட கொண்டு போய் வெச்சுருவனுங்க.”

“என்ன கேசு?”

“தீத்துக்கற கேசுதான். நம்பரப் பாத்துட்டு ஊட்டுக்காரரு ஊட்டுல என்னைய வேண்டாம்னுட்டாங்க.”

அந்த எண்ணுக்குப் பெயர் பிழை எண். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன்னுள் இருக்கும் டி.என்.ஏ.வின் முந்நூறு கோடி எழுத்துகளையும் நகல் எடுத்தாக வேண்டும். எடுக்கிற நொதிக்குப் பாலிமரேஸ் என்று பெயர். நகல் எழுதும் குமாஸ்தா எனலாம். எல்லார் உடம்பிலும் அந்தக் குமாஸ்தா உண்டு. சிலருக்கு நல்ல குமாஸ்தா, சிலருக்குக் கவனமில்லாத குமாஸ்தா. உயிருள்ள செல்லிலிருந்து அவனைத் தனியாகப் பிரித்தெடுத்து, ஒரு நூலைக் கொடுத்து எழுதச் சொல்லி, கோடி எழுத்துக்கு எத்தனை பிழை என்று எண்ண முடியும் என்று ஆனதும், எண்ணத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு, மூன்று, நான்கு என்றால் நல்லது. பத்தைத் தாண்டினால் சிவப்பு. பிழை சேரச் சேரப் புற்று வரும், அது பிள்ளைக்கும் போகும் என்றார்கள். முதலில் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள். பிறகு கம்பெனிகள் கேட்டன. அப்புறம் தரகர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது காங்கேயத்திலிருந்து பவானி வரை ஜாதகக் கட்டின் தலையில் பிழை எண்ணைக் குறிக்காத தரகர் கிடையாது. பொண்ணுக்கு மூணு, பையனுக்கு ரெண்டு, மற்ற பொருத்தமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

“உக்காருங்க, ரத்தம் எடுக்க வருவாங்க,” என்றான் நாச்சிமுத்து. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “குழந்தை இருக்குதுங்களா?” என்று கேட்டுவைத்தான்.

“இருந்துச்சுங்க. வயித்துல நாலு மாசம். பதினாறுன்னா பொறந்தாலும் பத்து வயசு தாண்டாது, தாண்டற வரைக்கும் ஊசியும் ஆஸ்பத்திரியுமாத்தான் கெடக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆரும் கட்டாயப்படுத்தலீங்க. நானேதான் போய்ப் படுத்தேன்.”

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னாள். நாச்சிமுத்து குளிரறைக்குத் திரும்பினான்.

அவளுடைய வெள்ளணுக்களை இரண்டு நாள் இளஞ்சூட்டில் வளர்த்து, மூன்றாம் நாள் பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து உடைத்தான். நொதி செல்லுக்குள் இருக்கும் வரைதான் ராஜா. வெளியே வந்த நொடியிலிருந்து சாகத் தொடங்கும். அதனால் எல்லாம் குளிரில், எல்லாம் அவசரத்தில். சாற்றை மணிகள் நிரப்பிய கண்ணாடித் தூணில் ஊற்றினால் வேண்டியது ஒட்டிக்கொள்ளும். உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஒவ்வொன்றாகக் கழன்று இறங்கும். சிறு குழாய்களில் வரிசையாகப் பிடித்து, எந்தக் குழாயில் பாலிமரேஸ் இருக்கிறது என்று தேட வேண்டும். ஈஸ்ட் செல்லின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை இப்படித் தேடியே நாச்சிமுத்து நான்கு வருடம் கெட்டுப்போய், பட்டமும் வாங்காமல், இந்த ‘துல்லியா’ பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். படிப்புதான் வரவில்லை. கை சுத்தம் என்று பெயர் வாங்கியிருந்தான்.

தமயந்தியின் குழாயில் மூன்று வந்தது.

மாதிரி மாறிவிட்டது என்று நினைத்தான். மிச்ச ரத்தத்தில் மறுபடி செய்தான். மூன்று. பாலிமரேஸ் ஏழு மாதத்தில் திருந்தி நடக்கிற சாதி அல்ல. பிறந்த எண்தான் செத்தாலும்.

பழைய பதிவைத் திறந்தான். அவள் சோதித்தது போன ஐப்பசியில். அன்றைக்குச் சோதித்த பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் சிவப்பு. முந்தைய நாள் பதினைந்து. அடுத்த நாள் பதின்மூன்று. மற்ற மாதங்களில் நாளுக்கு ஒன்று வந்தால் அதிகம். விரலால் தேதிகளை மேலே தள்ளிக்கொண்டே போனான். சிவப்பு ஒரு இடத்தில் சட்டென்று நின்றது. ஆயுத பூஜை.



ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கூடம் முழுக்கக் கழுவுவது வழக்கம். மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். கரைசல் கலக்கும் இருபது லிட்டர் கேன்கள் நான்கும் அவன் பொறுப்பு. நொதியை எழுத வைக்கும் கரைசலுக்கு நான்காம் எண் கேன். நான்காம் எண் கேனின் அடியில் பாசி பிடித்திருந்தது. சோப்பு போடக்கூடாது, சோப்பு நொதியைக் கொன்றுவிடும். அவன் யோசித்து ஒரு காரியம் செய்தான். கிணற்றில் பூச்சி வைத்தால் ஊரில் போடுவார்களே, அந்த ஊதா உப்பு, பர்மாங்கனேட். ஒரு பிடி போட்டு மறுநாள் வரை ஊற வைத்தான். பாசி செத்தது. தண்ணீர் தெளிந்து வரும் வரை பத்து முறை அலசினான். கேனின் அடியில் ஒரு பழுப்பு வளையம் மட்டும் போகவில்லை. கறைதானே என்று விட்டுவிட்டு, கேனின் வெளிப்புறத்தில் சந்தனப் பொட்டும் வைத்து, குங்குமமும் வைத்தான். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

டாக்டர் வசுமதி தரக்கட்டுப்பாட்டுத் தலைவி. ஐம்பத்தைந்து வயது, திருச்சிக்காரர், யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். நாச்சிமுத்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“பாலிமரேஸ் எழுதறதுக்கு எந்த உலோகம் வேணும்?”

“மெக்னீசியம், மேடம்.”

“அந்த எடத்துல மாங்கனீஸ் உக்காந்தா?”

“எழுதும். தப்பா எழுதும்.”

“தெரிஞ்சு வெச்சிருக்கியே. பர்மாங்கனேட் விட்டுட்டுப் போற பழுப்பு என்ன?”

“மாங்கனீஸ்தான். ஆனா அது தண்ணில கரையாதுங்க மேடம். பத்து தடவை அலசினேன்.”

“தண்ணில கரையாது. பஃபர் கரைசல்ல கரையும். நொதி கெடாம இருக்க நாம அதுல ஒரு மருந்து போடறோமே, அது அந்தப் பழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக் கரைச்சிருக்கும். நல்ல குமாஸ்தாவுக்குச் சாராயத்தை ஊத்தி விட்டுட்டு, கையெழுத்து சரியில்லைன்னு நாமே முத்திரை குத்தியிருக்கோம்.”

“சோதனை சரியான்னு பாக்க, நம்பர் தெரிஞ்ச நியம மாதிரி ஒண்ணு தினமும் ஓட்டறோமே மேடம். அது சரியாத்தானே வந்துச்சு?”

“அது எங்கேருந்து வருது?”

அவனுக்குப் புரிந்துவிட்டது. நியம மாதிரி தயாரிப்பாளரிடமிருந்து தன் குப்பியில், தன் கரைசலோடு வரும். கேனைத் தொடுவதே இல்லை. தினமும் காலையில் அது பாஸானது. அதைக் காட்டித்தான் மற்றவர்களையெல்லாம் ஃபெயிலாக்கினார்கள்.

நான்காம் எண் கேனின் குழாய் கார்த்திகையில் உடைந்து ஒழுகியது. அதனால்தான் அதை ஸ்டோர் அறையில் தூக்கிப் போட்டார்கள், அதனால்தான் சிவப்பும் நின்றது. நாற்பத்தொரு நாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

“இவங்களுக்கெல்லாம் சொல்லணுங்க மேடம்.”

“எத்தனை பேர் சண்டைக்கு வந்தாங்க தெரியுமா? ரெண்டு பேர். மீதி அறுநூத்திப் பத்துப் பேரும் நம்பிட்டாங்க. அம்மா சொன்னா நம்ப மாட்டான், தாசில்தார் சொன்னா நம்ப மாட்டான். நாம ஒரு கட்டத்துக்குள்ள ஒரு நம்பரை அடிச்சுக் குடுத்தா நம்பிடறான்.” அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “மேனேஜ்மென்ட்கிட்டப் பேசறேன். அது வரைக்கும் வாயை மூடிட்டு இரு. இல்ல, சொல்லியே ஆகணும்னா போய்ச் சொல்லு, நான் தடுக்கலை. கேனைக் கழுவினது யாருங்கறதையும் சேத்துச் சொல்லு.”

நிர்வாகம் ஒரு வாரம் யோசித்தது. எட்டாம் நாள் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. ஆரஞ்சு நிற மாத்திரை, பெயர் ‘சீர்மை’. பெட்டியைத் திருப்பிப் பார்த்தான் நாச்சிமுத்து. வைட்டமின் சி, துளி துத்தநாகம், ஆரஞ்சு வாசனை.

“புரியலைங்க மேடம்.”

“அறுநூத்திப் பன்னிரண்டு பேருக்கும் இலவசம். மூணு மாசம் சாப்பிடணும். அப்புறம் இலவசமா மறுபரிசோதனை.”

“சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் நம்பர் எறங்கத்தானே போகுது.”

“இப்பப் புரிஞ்சிடுச்சே.” வசுமதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “தப்புப் பண்ணிட்டோம்னு சொன்னா நமக்கு ஒரு கோர்ட்டு. மருந்து கண்டுபிடிச்சிட்டோம்னு சொன்னா ஒரு ஃபேக்டரி. ஒருத்தருக்கும் நஷ்டம் கெடையாது பாரு. உனக்கும் வேலை இருக்கும்.”

“உங்களுக்கு ஒண்ணும் தோணலீங்களா?”

“எனக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு மூணு வருஷம் இருக்குன்னு தோணுது.”

சென்னிமலைக்கான பெட்டிகளைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக நாச்சிமுத்து கேட்டு வாங்கிக்கொண்டான். தமயந்திக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். மற்ற அறுநூற்றுப் பதினொரு பேர் எப்படியோ போகட்டும், நாலு மாசக் கர்ப்பத்தோடு போய்ப் படுத்தவளுக்காவது தெரிய வேண்டும். பஸ்ஸில் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தான். ‘உங்க நம்பர் மூணுங்க. எப்பவுமே மூணுதான். தப்பு என்னோடது.’ மூன்று வாக்கியம். எண்ணிப் பார்த்தால் பத்து வார்த்தைகூட இல்லை.

அவள் ஒரு பெட்ஷீட் கிடங்கில் மடித்து அடுக்கும் வேலையில் இருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். தறிகள் நின்றிருந்தன. தூக்குப்போசியை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“என்னுங்க, ஸ்வெட்டர் இல்லாம ஆளு அடையாளமே தெரியல. நம்பரு வந்துருச்சுங்களா? வக்கீலு நச்சரிச்சிட்டு இருக்கறாரு.”

“அது விசயமாத்தானுங்க வந்தேன்.”

“எத்தனை? பதினாறேதானுங்களே?”

அவன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“இல்ல, எதுக்குக் கேக்கறன்னா… ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லீங்க. அந்தத் தாள லேமினேசன் பண்ணி வெச்சிருக்கறன் பாத்தீங்களா, கோர்ட்டுக்காகன்னு நெனைச்சிருப்பீங்க. அதில்லீங்க. வெசனம் வந்துச்சுன்னா எடுத்துப் பாப்பேன். பதினாறு. செரி, வேற வழி இல்லாமத்தான் பண்ணுனோம், அந்த உசுரு பொறந்து சீரழியாம காப்பாத்துனோம்னு தோணும். அப்பறம் சோறு எறங்கும்.” அவள் ஒரு பெட்ஷீட்டின் நூல் பிசிறைக் கிள்ளி எறிந்தாள். “கொறைஞ்சு கிறைஞ்சு வந்து தொலைச்சிருமோன்னுதாங்க பயம். ஒம்பது கிம்பதுன்னு வந்துச்சுன்னு வெய்யுங்க. அப்பறம் நான் என்னத்தப் பாத்துச் சோறு திங்கறது?”

கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது. நாச்சிமுத்து பையைத் திறந்தான்.

“பதினாறேதாங்க,” என்றான். “ஆனா இப்ப மாத்திரை வந்திருக்குது. மூணு மாசம் சாப்பிட்டுட்டு வாங்க, மறுபடி பாக்கலாம். இலவசம்தான்.”

பெட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். “ஆரஞ்சு முட்டாயி மாதிரி இருக்குது,” என்றாள்.

திரும்பி வரும்போது, அவளுக்காகத்தான் சொல்லாமல் விட்டோம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஈரோட்டு பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அது பொய் என்று அவனுக்கே தெரிந்துபோனது. பெட்டியைக் கையில் கொடுத்த நொடியில் அவனுக்கு வந்தது இரக்கம் அல்ல. தப்பித்த நிம்மதி.

ஆவணியில் மறுபரிசோதனைகள் தொடங்கின. பதினைந்து மூன்றாயிற்று, பன்னிரண்டு இரண்டாயிற்று, பதினெட்டு நான்காயிற்று. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் எண் இறங்காதவர்கள் பதினொரு பேர். அவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அறிக்கையில் எழுதப்பட்டது. புரட்டாசி பிறக்கும்போது பெருந்துறை ரோட்டில் நாற்பதடி விளம்பரப் பலகை நின்றது. உண்மையிலேயே பதின்மூன்று, பதினான்கு உள்ளவர்களெல்லாம் தர்மபுரியிலிருந்தும் கரூரிலிருந்தும் வந்து, வருடா வருடம் எடுக்க வேண்டிய ஸ்கேனை நிறுத்திவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆறு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் கவுன்ட்டரில் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கோணும் சாமி,” என்றார். குழந்தையின் எண் பதினொன்று. அது அவனே சுத்தமான கேனில் எடுத்தது. அவன் கையை உருவிக்கொண்டான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது தமயந்தி வந்தாள். கையில் ஒரு டப்பா மைசூர்பாகு.

“மூணுங்க!” என்றாள். காலையில்தான் தாள் வாங்கியிருக்கிறாள். லேமினேஷன் இன்னும் ஆகவில்லை. “எல்லாருக்கும் குடுங்க. நீங்க ரெண்டா எடுத்துக்கோங்க.”

“கேசு என்ன ஆச்சுங்க?”

“முடிஞ்சுதுங்க. பழைய தாளே போதும்னு வக்கீலு முடிச்சுட்டாரு. அவரு அடுத்த கண்ணாலமும் பண்ணிட்டாரு. அந்தப் புள்ளைக்கு நம்பரு ரெண்டாமா. நல்லா இருக்கட்டும், ரெண்டு பேருஞ் சேந்து பரிச்ச எழுதப் போறாங்களாட்ட.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “ஒண்ணே ஒண்ணுதானுங்க. இந்த மாத்திர ஒரு வருசம் முந்தி வந்திருக்கப்படாதா?”

அவன் கையிலிருந்த துணியைப் பிழிந்தான்.

“எங்க கெடங்குல ஒருத்தரு இருக்கறாருங்க, பேப்பர் படிக்கறவரு. மாத்திரையாவது மண்ணாவது, மொதல்ல எடுத்த நம்பரே தப்பா இருக்கும்ங்கறாரு. வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு. எனக்கு ஒரு வாரமா சோறு எறங்கலீங்க.” அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ மெஷினுக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். “அந்தப் பதினாறு நெசந்தானுங்களே? நீங்கதான எடுத்தீங்க. நீங்க சொன்னாச் செரி.”

அவளுக்கு வேண்டிய பதில் எது என்று அவனுக்குத் தெரியும். தனக்கு வேண்டிய பதில் எது என்றும் தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்ததுதான் அசிங்கம்.

“நெசந்தானுங்க,” என்றான். “எங்கிட்டத் தப்பு வராதுங்க.”

அவள் தோள்கள் இறங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போச்சாதுங்க. அதுக்கு விதி அவ்வளவுதான்,” என்றாள். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

நாச்சிமுத்து ஸ்டோர் அறையைத் திறந்தான். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் நான்காம் எண் கேன் இருந்தது. தூக்கி எறிந்துவிடச் சொல்லி வசுமதி எப்போதோ சொல்லியிருந்தார். என்றைக்காவது யாருக்காவது காட்ட வேண்டியிருக்கும் என்று அவன் எறியாமல் வைத்திருந்தான். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்தான். அடியில் அந்தப் பழுப்பு வளையம், பாதி தேய்ந்து, பாதி அப்படியே. வெளிப்புறத்தில் ஒரு வருடத்துக்கு முந்தைய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

கீழே இறங்கி ஒரு பெட்டி சீர்மை எடுத்து வந்தான். நான்கு மாத்திரைகளைச் சட்டைப் பையிலிருந்த பேனா மூடியால் நசுக்கிக் கேனுக்குள் போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிச் சுழற்றினான். ஆரஞ்சு வாசனை வந்தது. பஃபரில் போடும் மருந்து மெதுவாகச் செய்ததை வைட்டமின் சி வேகமாகச் செய்யும் என்று அவனுக்குத் தெரியும். பழுப்பு விளிம்பு முதலில் மஞ்சளானது. பிறகு அதுவும் கரைந்தது. சுழற்றச் சுழற்ற அடி துலங்கி, ஐந்தே நிமிடத்தில் கேன் கடையில் வாங்கிய அன்று போல வெள்ளையாக நின்றது. இனி யார் வந்து பார்த்தாலும் அதில் ஒன்றும் இல்லை.

நாச்சிமுத்து தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெற்றுப் பெட்டியைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததைப் படித்தான். ‘பிழைகளை வேரோடு அகற்றும்.’

பெட்டியைக் கசக்கிக் கேனுக்குள்ளேயே போட்டு மூடினான். வெளியே யாரோ சந்தனக் கிண்ணத்தோடு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், இன்னும் மூன்று கேன் பாக்கி என்று.